பேரனா? மருமகனா? கிள்ளான் யாருக்கு?



காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கிள்ளானுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார்களாம். ராஜா அப்துல்லாவின் பழைய கிடங்கையும், ராஜா மஹாடியின் கோட்டை வாசலையும் காட்டினார்களாம். வீட்டுக்கு வந்த மகன், “இரண்டு பேரும் ராஜா என்றால் கிள்ளானுக்கு எது அம்மா நிஜ ராஜா?” என்று கேட்டானாம். “என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்” என்கிறார் அந்த அம்மா.

அம்மா, உங்கள் மகன் கெட்டிக்காரன். அவன் கேட்ட அதே கேள்விக்காகத்தான் 1867 முதல் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இந்த மண்ணில் ரத்தம் ஓடியது. கோலாலம்பூர் எரிந்ததும் அதனால்தான். பிரிட்டிஷ்காரன் சிலாங்கூருக்குள் காலடி வைத்ததும் அந்த வழியாகத்தான். அவன் வந்த பிறகுதானே ரயில், காப்பித் தோட்டம், ரப்பர், நம் பாட்டனார்கள் எல்லாம்! ஆகவே இது வேறு யாரோ வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள்.

முதலில் அந்தக் காலத்துச் சிலாங்கூரை மனத்தில் கொண்டுவாருங்கள். சாலை கிடையாது. சுற்றிலும் காடு. வழி என்றால் ஆறுதான். ஆற்றின் வாயில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் மேலே போகும் அரிசிக்கும் அபினுக்கும், கீழே வரும் ஈயத்துக்கும் வரி வாங்குவார். மூன்றாவது சுல்தான் முகம்மது காலத்தில் நாடு ஐந்து துண்டாகக் கிடந்தது: பெர்ணம், கோலா சிலாங்கூர், கிள்ளான், லங்காட், லுக்குட். ஒவ்வொன்றிலும் ஒரு ராஜா. எல்லோரும் ஒரே குடும்பம், பூகிஸ் வம்சம். ஒரே குடும்பம் என்பதுதான் தொல்லையே.

சுல்தான் முகம்மதுக்கு மனைவியர் பலர், பிள்ளைகளும் பலர். மகன் ராஜா சுலைமானுக்குக் கிள்ளானைக் கொடுத்திருந்தார். சுலைமான் 1853இல் இறந்துவிட்டார். அவருடைய மகன் ராஜா மஹாடி இருந்தார். தகப்பன் ஆண்ட இடம் மகனுக்குத்தானே வரும் என்று நீங்களும் நானும் நினைப்போம். மஹாடியும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் பாட்டனார் கிள்ளானைத் தூக்கி ராஜா அப்துல்லா கையில் கொடுத்துவிட்டார்.

யார் இந்த அப்துல்லா? லுக்குட்டை ஆண்ட ராஜா ஜுமாட்டின் உடன்பிறந்தவர். ஜுமாட்டோ சுல்தானின் மகளைக் கட்டியவர். சுல்தானுக்குச் சுரங்கத் தொழிலில் கடன் ஏறியபோது கைகொடுத்தவரும் அந்த மருமகன்தான். லுக்குட் ஈயத்தில் பணம் கொழித்துக்கொண்டிருந்தது. கடனில் கிடக்கும் மாமனாருக்குப் பணக்கார மருமகன் வீட்டார் மீது பிரியம் வருவது உலக வழக்கம். பேரனிடம் உரிமை இருந்தது. மருமகன் வீட்டாரிடம் பணமும் நிர்வாகத் திறமையும் இருந்தன. பாட்டனார் திறமையைத் தேர்ந்தெடுத்தார். அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பேரனுக்கு ஒரு வழி செய்யாமல் விட்டாரே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

அப்துல்லா சோம்பேறி அல்லர். 1857இல் அவரும் ஜுமாட்டுமாக மலாக்கா சீன வியாபாரிகளிடம் 30,000 வெள்ளி திரட்டி, 87 சீனத் தொழிலாளரை ஆற்றின் வழியே மேலே அம்பாங்குக்கு அனுப்பினார்கள். காட்டுக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. ஒரே மாதத்தில் 18 பேரே மிஞ்சினர். அடுத்து 150 பேரை அனுப்பினார்கள். 1859இல் அம்பாங் ஈயம் வெளியே வந்தது. ஈயப் படகுகள் நின்று புறப்படும் கரையில், கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கலக்கும் சகதியில் முளைத்த கடைத்தெருதான் கோலாலம்பூர். இன்று கோபுரம் கோபுரமாய் நிமிர்ந்து நிற்கும் தலைநகரத்துக்கு அடியில் கிடப்பது பெயர் தெரியாத அந்தக் கூலிகளின் எலும்பு. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் மகன் பார்த்த கிடங்கும் ஏறக்குறைய அந்தக் காலத்தில் கட்டியதுதான். மேலே வீடு, கீழே ஈயமும் தளவாடமும்.

ஈயம் வரவர வரியும் பெருகியது. 1866இல் அப்துல்லா வரி வாங்கும் உரிமையைச் சிங்கப்பூர் வியாபாரிகள் இருவருக்குக் குத்தகைக்கு விட்டார்: வில்லியம் ரீட் என்ற வெள்ளைக்காரர், டான் கிம் செங் என்ற சீனர். குத்தகைக்காரர்களின் ஆட்கள் ராஜா மஹாடியிடமும் அபினுக்கு வரி கேட்டார்கள். எண்ணிப் பாருங்கள். தன் தகப்பன் ஆண்ட ஆற்றில், சுல்தானின் பேரனை நிறுத்தி, சிங்கப்பூர்க் கடைக்காரனின் ஆள் வரி கேட்கிறான்! மஹாடி மறுத்துவிட்டார்.

அதே சமயத்தில் இன்னொரு புகைச்சல். சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய ஒரு கூட்டத்தின் பெரியவர் முகம்மது அக்கிப். அவருடைய உறவினர் ஒருவரை அப்துல்லாவின் ஆள் கொன்றுவிட்டான். நியாயம் கேட்டுப் போனவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. அவர் நேரே மஹாடியிடம் போய்ச் சேர்ந்தார். உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்த பேரனுக்கு ஆள்பலம் வந்தது. கிள்ளானை முற்றுகையிட்டார்கள். அப்துல்லா குடும்பத்தோடு மலாக்காவுக்கு ஓடினார். 1869இல் அங்கேயே கண்ணை மூடினார்.

மஹாடி அப்பா இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம் ஒரு கல்யாணம்.

அப்போது லங்காட்டில் இருந்து ஆண்டவர் நான்காவது சுல்தான் அப்துல் சமாட். இவர் பழைய சுல்தானின் தம்பி மகன். அவர் மகளையே கட்டியதால் மருமகனும்கூட. 1857இல் பெரியவர் இறந்தபோது வாரிசு யார் என்பதில் தகராறு வந்தது. அப்போது ஜுமாட், அப்துல்லா முதலியோர் துணையோடு பட்டத்துக்கு வந்தவர் இவர். இவர் தம் மகள் ராஜா அர்ஃபாவை மஹாடிக்கு நிச்சயம் செய்திருந்தார். (நம் முறைப்படி கணக்குப் போட்டால் பங்காளி வீட்டுப் பெண், அண்ணன் தங்கை உறவாகிவிடும்! அவர்கள் வழக்கத்தில் அதற்குத் தடையில்லை.) கிள்ளானிலிருந்து மாதம் 500 வெள்ளி சுல்தானுக்கு வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. மஹாடி பணம் அனுப்பவில்லை. சுல்தான் சம்பந்தத்தை முறித்துவிட்டார்.

முறித்ததோடு நின்றாரா? 1868இல் கெடா சுல்தானின் தம்பி தெங்கு குடினுக்குப் பெண்ணைக் கொடுத்தார். அதே ஆண்டு ஜூன் 26ஆம் நாள், மாப்பிள்ளையைத் தம் பிரதிநிதியாக நியமித்து ஒரு கடிதமும் கொடுத்தார். அவர் செலவுக்கு லங்காட்டையும் ஒதுக்கினார். சுல்தானுக்குப் பெரிய பிள்ளைகள் மூவர் இருந்தார்கள்: மூசா, கஹார், யாக்கோப். நேற்று வடக்கேயிருந்து வந்த மாப்பிள்ளை நம் ஆற்றில் உட்காருவதா என்று அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தக் கடிதம்தான் வினை. அது கொடுத்தது என்ன? நாட்டையே ஆளும் அதிகாரமா? அல்லது சண்டையை விலக்கிவைக்கும் பொறுப்பு மட்டுமா? குடின் ஒரு விதமாகப் படித்தார்; மைத்துனர்கள் வேறு விதமாகப் படித்தார்கள்; பின்னால் வந்த ஆங்கில அதிகாரிகளும் தங்களுக்குத் தோதாகப் படித்தார்கள். நம் வீடுகளில் எப்படி? ஊழியர் சேமநிதிப் பாரத்தில் இன்னும் கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயரே இருக்கிறதா, மலிவு விலை வீடு யார் பெயரில் இருக்கிறது என்று ஒருநாள் எடுத்துப் பாருங்கள். சுல்தானே தெளிவாக எழுதாமல் போனதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதை இனிப் பார்க்கப் போகிறீர்கள்.

அதற்கு முன் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வருவோம். மலாய்க்கார ராஜாக்களுக்குச் சண்டை போடத்தான் தெரியும் என்று எழுதிய வெள்ளைக்காரர் உண்டு. அவர்கள் ஊரில் என்ன நடந்தது?

ஜெர்மனியின் தெற்கே பவேரியா. அங்கும் ஒரே வம்சம் நாட்டைத் துண்டு போட்டு ஆண்டது. லாண்ட்ஸ்ஹுட் என்ற ஊரில் ஒரு கிளை, மூனிக்கில் ஒரு கிளை. லாண்ட்ஸ்ஹுட் பிரபு ஜார்ஜுக்குப் ‘பணக்கார ஜார்ஜ்’ என்றே பட்டப்பெயர். 1475இல் போலந்து ராஜாவின் மகள் ஹெட்விக்கை அவர் மணந்த கல்யாணத்துக்கு வெட்டிய எருதுகள் 300க்கு மேல், கோழிகள் 40,000 என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஊரார் அந்தக் கல்யாணத்தை நாடகமாக நடத்திக் கொண்டாடுகிறார்கள். கல்யாணம் பெரிது, கொடுப்பினை சிறிது. ஆண் பிள்ளை நிலைக்கவில்லை.

ஆண் வாரிசு இல்லாவிட்டால் நிலம் அடுத்த கிளைக்குப் போகவேண்டும் என்பது குடும்ப ஒப்பந்தம். ஜார்ஜுக்கு மனம் வரவில்லை. மூனிக் பங்காளிக்குக் கொடுப்பதா? 1496இல் மகள் எலிசபெத் பெயருக்கு உயில் எழுதினார். பிறகு அவளை ரூப்ரெக்ட் என்ற இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தார். 1503 டிசம்பரில் அவர் இறந்ததுதான் தாமதம், மூனிக் ஆல்பிரெக்ட் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார், மகளும் மருமகனும் உயிலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஊர் ஊராக எரிந்தது. 1504இல் ரூப்ரெக்ட் சீதபேதியில் இறந்தார். ஒரு மாதத்துக்குள் எலிசபெத்தும் போய்விட்டாள். மிஞ்சியவை இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகள்.

மறு ஆண்டு பேரரசர் மாக்சிமிலியன் தீர்ப்புச் சொன்னார். அவர் ஆல்பிரெக்டுக்கு மைத்துனர் முறை. பெரும்பகுதி ஆல்பிரெக்டுக்கு, அனாதைப் பிள்ளைகளுக்கு நாய்பர்க் என்ற ஒரு சிறு பகுதி. நாட்டாமை பார்த்த பேரரசருக்கு? கூஃப்ஸ்டைன், கிட்ஸ்பியூல், ராட்டன்பெர்க் என்ற மூன்று இடங்கள்! அப்பம் பங்கிட்ட குரங்கின் கதை நமக்குத் தெரியாதா? ஆல்பிரெக்டுக்கு மட்டும் புத்தி வந்தது. 1506இல், இனி நாடு துண்டாகாது, மூத்த மகனுக்கே முழுவதும் என்று சட்டம் செய்தார்.

இப்போது கிள்ளானுக்குத் திரும்புவோம். இங்கேயும் ஒரு குரங்கு காத்திருந்தது.

தெங்கு குடின், அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயிலோடு சேர்ந்துகொண்டார். தகப்பனைத் துரத்தியவனைத் துரத்தவேண்டும் என்ற வெறி இஸ்மாயிலுக்கு. 1870 மார்ச்சில் மஹாடி கிள்ளானை இழந்தார். உடனே வடக்கே போய்க் கோலா சிலாங்கூரைப் பிடித்துக்கொண்டார். குடினுக்கு உள்நாட்டில் துணை, கோலாலம்பூர்ச் சீனத் தலைவர் யாப் ஆ லோய். மஹாடிக்குத் துணை ராஜா மாமுட், சையது மசோர். சுல்தான் என்ன செய்தார் என்கிறீர்களா? லங்காட்டில் இருந்தார். மாப்பிள்ளைக்கு வாழ்த்து உண்டு. படையும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே குடின் கடன் வாங்கினார். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கைநீட்டினார். சம்பளத்துக்கு ஆள் பிடித்தார். அந்தப் படையில் ஐரோப்பியரும் இருந்தார்கள், இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். சிலாங்கூருக்கு ரப்பர் வருமுன்பே நம் நாட்டவர் இங்கே யாரோ வீட்டுச் சண்டைக்காகத் துப்பாக்கி தூக்கியிருக்கிறார்கள்.

1871இல் ஒரு சீனக் கப்பலைக் கொள்ளையடித்தவர்களைத் தேடி வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் ரினால்டோ, கோலா சிலாங்கூர்க் கோட்டையைக் குண்டு வீசித் தகர்த்தது. இடம் குடின் கைக்கு வந்தது. ஆனால் 1872 ஆகஸ்டில் நிலைமை தலைகீழ். கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் குன்றில் இருந்த குடினின் படையைச் சையது மசோரின் ஆட்கள் வளைத்துவிட்டார்கள். தப்பி ஓடியவர்கள் பெட்டாலிங் பக்கம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். யாப் ஆ லோய் கிள்ளானுக்கு ஓடினார். ஊர் சாம்பல். பிறகு பகாங் படை உதவிக்கு வந்தது. 1873 மார்ச்சில் கோலாலம்பூர் திரும்பக் கிடைத்தது. ஆண்டு முடிவுக்குள் கோலா சிலாங்கூரும். மாப்பிள்ளை ஜெயித்துவிட்டார்.

ஜெயித்தவருக்கு என்ன கிடைத்தது? கடன். அவருக்கு ஆலோசனையும் பண உதவியும் செய்த சிங்கப்பூர் வழக்கறிஞர் டேவிட்சன். 1874இல் கவர்னர் ஆண்ட்ரூ கிளார்க் போர்க்கப்பல்களோடு லங்காட்டுக்கு வந்தார். கடற்கொள்ளை என்பது சாக்கு. ஆகஸ்டில் பிராங்க் சுவெட்டன்ஹாம் சுல்தானுக்கு யோசனை சொல்ல அமர்ந்தார். 1875இல் சிலாங்கூரின் முதல் ரெசிடென்டாக வந்தவர் யார்? அதே டேவிட்சன்! கடன் கொடுத்தவரே கணக்குப் பார்க்க வந்த கதை. அவரோடு எழுத்து வேலைக்கு வந்த இளைஞர்தான் சிங்கப்பூரில் பிறந்த தம்புசாமி பிள்ளை. பின்னாளில் கோலாலம்பூர்த் தமிழர்களுக்குப் பெருந்தலைவராய் விளங்கியவர். பார்த்தீர்களா, கிள்ளான் பங்காளிச் சண்டையின் நூல் எங்கே வந்து நம் வீட்டு வாசலில் முடிச்சுப் போடுகிறது!

1880இல் தலைநகர் கிள்ளானை விட்டுக் கோலாலம்பூருக்குப் போயிற்று. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையில் புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. அத்தாப்புக் கூரைகளுக்குப் பதில் செங்கல் வீடு கட்டவேண்டும் என்ற உத்தரவால் சூளைகள் பெருகின; அந்தச் சூளைக்காடுதான் பிரிக்பீல்ட்ஸ். ரயில்வேத் தமிழர்களும் யாழ்ப்பாணத்தாரும் அங்கே குடியேறினார்கள். ஆற்றின் வாயைப் பிடித்தவனே ராஜா என்ற காலம் அந்தத் தண்டவாளத்தோடு தீர்ந்தது. எதற்காக அத்தனை பேர் செத்தார்களோ, அந்தச் சுங்கமே கையை விட்டுப் போயிற்று. ராஜாக்களுக்கு மாதச் சம்பளம் வந்தது.

குடின் 1878இல் பதவியை விட்டு விலகி வடக்கே போனார். 1909இல் காலமானார். பினாங்கில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. மஹாடி 1882இல் சிங்கப்பூரில் இறந்தார். கிள்ளானை மறுபடி ஆளவே இல்லை. மஹாடியைக் கடந்து வாழ்ந்தவர் சுல்தான் அப்துல் சமாட். 1898 வரை இருந்தார். மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே மணிக்கூண்டோடு நிற்கும் கட்டடம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ராஜா அர்ஃபாவைப் பற்றிப் புத்தகங்கள் எழுதுவது இரண்டே செய்தி: மஹாடிக்கு நிச்சயம், குடினுக்குத் திருமணம். அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது என் மனத்தை அரிக்கும் சந்தேகம்.

ஆகவே அம்மா, பையனிடம் இப்படிச் சொல்லுங்கள்: பிறப்பு உரிமை மஹாடிக்கு, சுல்தானின் நியமனம் அப்துல்லாவுக்கு. என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், நான் மஹாடி பக்கம் கொஞ்சம் சாய்வேன்; ஆனால் வரியும் கட்டமாட்டேன், மாமனாருக்குப் பங்கும் அனுப்பமாட்டேன் என்றால் எந்த ஊரில் ஒத்துக்கொள்வார்கள்?

பங்கு பிரிக்க வந்த குரங்கு அதோடு போய்விடவில்லை. அப்துல் சமாட்டுக்குப் பின் பேரன் சுலைமான் பட்டத்துக்கு வந்தார். அவருடைய மூத்த மகன் தெங்கு மூசாவுடின் இளவரசர். ரெசிடென்ட் ஆடம்ஸ் அவரைத் தகுதியில்லை என்று சொல்லி நீக்கவைத்தார். தகப்பனார் மன்றாடியும் பலிக்கவில்லை. மூன்றாவது மகன் ஆலம் ஷாவுக்கு இடம் போயிற்று; 1938இல் அவரே சுல்தான். ஜப்பான்காரன் வந்தான், 1942இல் ஆலம் ஷாவை இறக்கி மூத்தவரை ஏற்றினான். 1945இல் வெள்ளைக்காரன் திரும்பினான்; மூத்தவரை இறக்கிக் கொக்கோஸ் தீவுக்குக் கப்பலேற்றினான். தம்பி மறுபடி அரியணையில் அமர்ந்து, 1960இல் நாட்டின் இரண்டாவது பேரரசராகவும் ஆனார். தீவிலிருந்து திரும்பிய அண்ணன் 1955இல் காலமானார்.